பரம்பரை அறங்காவலர்

ஐரோப்பாவில் பழைய ஊர் எதுவானாலும் அங்கே ஒரு தமிழ் நண்பர் இருப்பார். கணினி வேலையாகப் போயிருப்பார். இரண்டே வருஷம், திரும்பி வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அம்மா இன்றைக்கும் பேத்தியை வாட்ஸ்அப்பில்தான் கொஞ்சிக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்டவர் வீட்டில் நாலு நாள் விருந்தாளியாக இருந்து பாருங்கள். அந்த ஊரின் கோட்டை, கோபுரம், பாலம், பாலத்து மேல் நிற்கிற சிலை, பாலத்துக்கு அடியில் மிதக்கிற அன்னம் என்று சகலத்துக்கும் அவர்தான் பரம்பரை அறங்காவலர் என்பது புரிந்துவிடும். நியமன ஆணை எதுவும் கிடையாது. நகரசபைக்கே விஷயம் தெரியாது.

எனக்கு வாய்த்தவர் பிராக் நகரத்து அறங்காவலர். சொந்த ஊர் கும்பகோணம். தாராசுரத்துக் கோயில் 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பிராகில் அவர் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற சார்லஸ் பாலம் 14-ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. தாராசுரம் பற்றிக் கேட்டால், "ஆமா, டவுன் பஸ் அந்தப் பக்கமாத்தான் போகும்" என்பார். அதற்கு மேல் அவரிடம் தகவல் இல்லை.

அறங்காவலர்களைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஊர்ச் சரித்திரத்தைத் தன்மையில் பேசுவார்கள். "1618-ல நாங்க மூணு பேரை அதோ அந்த ஜன்னல் வழியாத்தான் தூக்கிப் போட்டோம்" என்றார் நண்பர், கோட்டையை நோக்கிக் கையை நீட்டியபடி. பக்கத்தில் நின்ற என் மனைவி ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். பிராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கோபத்தோடு கோட்டைக்குள் நுழைந்து, கத்தோலிக்க ஆளுநர்கள் இருவரையும் கூடவே அவர்களுடைய எழுத்தரையும் ஜன்னல் வழியாக வெளியே எறிந்த சம்பவம் அது. ஏறத்தாழ 21 மீட்டர் உயரம். மூன்று பேருமே பிழைத்துக்கொண்டார்கள். முப்பது ஆண்டுப் போர் மூண்டது இந்தச் சம்பவத்தைத் தொட்டுத்தான். விழுந்தவர்களை மாதா தாங்கிக்கொண்டாள் என்பது கத்தோலிக்கர் கட்சி. கீழே எருக்குவியல் இருந்தது என்பது பிராட்டஸ்டன்ட் கட்சி. நண்பர் எருக்குவியல் கட்சியில் தீவிர உறுப்பினர். எதையும் கேட்காமல் குறிப்பு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்த பாவத்துக்காக ஜன்னலைத் தாண்டிய அந்த எழுத்தருக்குப் பிற்பாடு அரசர் பிரபுப் பட்டம் கொடுத்தார். பட்டத்தின் அர்த்தமே 'உயரத்திலிருந்து விழுந்தவர்' என்பதுதான். அலுவலகத்தில் காலம் தள்ளுகிறவர்கள் யாரும் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அந்த எழுத்தருக்காக ஒரு நிமிஷம் வருத்தப்படாமல் இருக்க முடியாது.

இத்தனை பேசுகிற மனிதர் வசிப்பது எங்கே என்று நினைக்கிறீர்கள்? பழைய நகரத்தில் கல் பாவிய சந்துக்குள், ஓட்டுக்கூரை வீட்டில் என்று நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். மெட்ரோவில் சிவப்புப் பாதையின் தென்கோடிக்குப் போனால், கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்தில் கான்கிரீட் பலகைகளைத் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டிய மாடிக் குடியிருப்புகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. அதிலொன்றில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் குடியிருப்பின் ஜன்னல். அலுவலகம் நாலு நிறுத்தம் தள்ளி ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். அவருடைய அன்றாடத்துக்கும் கோதிக் கோபுரத்துக்கும் நடுவில் வல்டாவா ஆறு மட்டுமல்ல, வாரத்துக்கு ஐந்து வேலை நாளும் ஓடுகிறது.

நண்பரின் மனைவிதான் இதைப் போட்டு உடைத்தார். நாங்கள் கொண்டுபோன சாம்பார்ப் பொடியை டப்பாவில் கொட்டிக்கொண்டே, "அண்ணா, நீங்க வந்ததாலதான் எனக்கே இந்த ஊர்ல கோட்டை ஒண்ணு இருக்கறது ஞாபகம் வருது. மத்த நாள்ல ஆபீஸ், ஸ்கூல், லிடில் சூப்பர்மார்க்கெட். அவ்வளவுதான் எங்க ப்ராஹா" என்றார். அறங்காவலர் அப்போது கூடத்தில் எங்கள் செருப்புகளைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார். கருங்கல் பாவிய தெருவுக்கு என் மனைவியின் செருப்பு லாயக்கில்லை என்று தீர்ப்பாயிற்று.

கட்டளைகள் அன்று ராத்திரியே பிறந்துவிட்டன. தெருவோரப் பணமாற்றுக் கடையில் 'கமிஷன் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. பழைய நகரச் சதுக்கத்தில் பச்சைத் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. டிராமில் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் சீட்டைச் சொருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். பரிசோதகர்கள் சாதாரண உடுப்பில் வருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பவரே பாக்கெட்டிலிருந்து வில்லையை எடுத்துக் காட்டினாலும் காட்டுவார். "இதுல மட்டும் ஏமாந்துடாதே. டூரிஸ்ட்டுங்கதான் மாட்டுவாங்க" என்றார். அந்த 'டூரிஸ்ட்' என்கிற சொல்லை அவர் உச்சரித்தபோது அறையின் உஷ்ணம் கொஞ்சம் குறைந்தது.

மறுநாள் விடிகாலை நாலே காலுக்கு எழுப்பிவிட்டார். சார்லஸ் பாலத்தை 5 மணி 31 நிமிஷத்துக்குத்தான் பார்க்க வேண்டுமாம். நான்காம் சார்லஸ் அரசன் ஜோசியர்களைக் கலந்துகொண்டு முகூர்த்தம் குறித்தான் என்பது ஐதீகம்: 1357-ஆம் வருஷம், 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், 5 மணி 31 நிமிஷம். இலக்கங்களை வரிசையாக எழுதினால் 1, 3, 5, 7, 9 என்று ஏறி, 7, 5, 3, 1 என்று இறங்கும். கல்யாணத்துக்கே இவ்வளவு துல்லியமாக முகூர்த்தம் பார்க்காத குடும்பம் எங்களுடையது. அரைத் தூக்கத்திலும் என் மனைவிக்குச் சிலிர்த்துவிட்டது. அவள் நன்றாகச் சிலிர்த்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு நண்பர் சொன்னார்: "வருஷம் சரி. மணி, நிமிஷமெல்லாம் பின்னால வந்தவங்க போட்ட கணக்கு."

இதுதான் அறங்காவலரின் பாணி. கதையை முழுசாகச் சொல்வார், நம்மை உருக வைப்பார், அப்புறம் அது பொய் என்பார். இரண்டு தடவையும் அவருக்கே வெற்றி. பாலத்துச் சுண்ணாம்புச் சாந்தில் முட்டை கலந்தார்களாம். ராஜ்யத்தின் ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி வண்டியாக முட்டை வந்ததாம். வெல்வாரி என்கிற ஊர்க்காரர்கள் மட்டும் வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று கரிசனத்தோடு அவித்து அனுப்பினார்களாம். நாங்கள் சிரித்து ஓய்ந்ததும், "முட்டை போட்டாங்களா இல்லையான்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ளேயே தகராறு" என்றார். இருபுறமும் வரிசையாக நிற்கிற 30 சிலைகளை அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தோமோ இல்லையோ, "பெரும்பாலானது நகல். அசலெல்லாம் மியூசியத்துல" என்று மூடிவிட்டார். 1393-ல் அரசன் உத்தரவால் ஆற்றில் தள்ளப்பட்ட நெபோமுக் யோவான் சிலையின் அடியில், ஜனங்கள் தொட்டுத் தொட்டுப் பளபளப்பேறிய வெண்கலப் பட்டயம் ஒன்று இருக்கிறது. தொட்டவர்கள் மறுபடியும் பிராகுக்கு வருவார்களாம். நண்பரின் மனைவி எங்களோடு வரவில்லை. வந்திருந்தால் எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டிருப்பாரோ என்று ஒரு சந்தேகம்.

'யாருமே இல்லாத நேரம்' என்றுதான் கூட்டிவந்திருந்தார். பாலத்தில் கிழக்கு ஆசியக் கல்யாண ஜோடிகள் நாலைந்து, ஒவ்வொரு ஜோடிக்கும் புகைப்படக்காரர் ஒருவர், குடை பிடிக்கிறவர் ஒருவர், தரையில் புரளும் வெள்ளைப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் ஒருவர். இவர்களுக்கு நடுவில்தான் அந்த விபரீதம் நடந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னோர் அறங்காவலர் வந்துகொண்டிருந்தார். ஹைதராபாத்காரர். பின்னால் குல்லாயும் ஸ்வெட்டரும் போட்ட மாமனார், மாமியார். அவரும் கோட்டையை நோக்கிக் கையை நீட்டித்தான் பேசிக்கொண்டிருந்தார். காற்றில் மிதந்து வந்த தெலுங்கில் 1618 கேட்டது, மாதா கேட்டது. எருக்குவியல் கேட்கவில்லை.

நண்பரின் முகம் இறுகிவிட்டது. இரண்டு பேரும் பரஸ்பரம் தலையசைத்துக்கொண்டார்கள். அவர் தாண்டிப் போனதும், "நாலு வருஷமாத்தான் இங்க இருக்கான். அதுக்குள்ள கதை சொல்ல ஆரம்பிச்சுட்டான்" என்றார். அறங்காவலர்களுக்கிடையே சீனியாரிட்டி தகராறு எல்லா ஸ்தலத்திலும் உண்டு போலிருக்கிறது.

பழைய நகரமண்டபத்து வானியல் கடிகாரத்தில் அவருடைய அலட்சியம் உச்சத்தைத் தொட்டது. 1410-ல் நிறுவியது. ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே இரண்டு ஜன்னல் திறந்து பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் சுற்றி வந்து தலைகாட்ட, கடைசியில் தங்கச் சேவல் ஒன்று கூவும். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிற இந்தக் காட்சிக்கு நூற்றுக்கணக்கானவர்கள் கால்மணி நேரம் முன்பே வந்து கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நண்பர் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி, எங்கள் பைகளைப் பார்த்தபடி நின்றார். பிக்பாக்கெட்காரர்களுக்கும் அப்போஸ்தலர்கள் வருகிற நேரம் அத்துப்படியாம். இதே மாதிரி இன்னொன்று செய்துவிடக் கூடாது என்று கடிகாரத்தைச் செய்த ஹனுஷ் என்பவரின் கண்களை நகரசபையார் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குருடாக்கிய கதையைச் சொன்னார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொய். செஞ்சவர் பேரு மிகுலாஷ். கண்ணெல்லாம் நல்லாத்தான் இருந்தது" என்றார்.

கதையை விட்டுவிட்டு அந்த முகப்பை உற்றுப் பார்த்தால் நம்மவர்களுக்குக் கொஞ்சம் நேரம் நன்றாகவே போகும். சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்று ஒரு வளையம் காட்டுகிறது. சந்திரனுக்குத் தனி முள். சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணுகிற பழைய செக் மணி வெளிவட்டத்தில் இருக்கிறது. உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைக்குமான பகலைப் பன்னிரண்டாகப் பங்கு போட்ட கோடுகளும் இருக்கின்றன. அந்தக் கணக்கில் ஒரு மணி நேரம் கோடையில் நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். நாம் பகலை எட்டாகப் பங்கு போட்டு ராகுகாலம் பார்ப்பதற்கு அடுத்த வீடுதான் இது. "ராகுகாலம் எப்போன்னு காட்டுமா?" என்று என் மனைவி கேட்டாள். எத்தனையோ விருந்தாளிகளைப் பார்த்த அறங்காவலர் முதன்முறையாக அந்தக் கடிகாரத்தின் பக்கம் திரும்பினார். நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். அடுத்த விருந்தாளிக்கு இந்தக் கேள்வி, அவரே கேட்டதாக, கதையில் சேர்ந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சதுக்கத்தைச் சுற்றித் தெருவுக்குத் தெரு ட்ர்டெல்னீக் கடை. மாவைக் கம்பியில் சுற்றித் தணலில் வாட்டி, சர்க்கரையில் புரட்டித் தருகிறார்கள். 'பழைய போஹீமியப் பாரம்பரியம்' என்று பலகை தொங்குகிறது. நண்பருக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ரத்தக்கொதிப்பு. அது ஸ்லோவாகியாவின் ஸ்காலிட்சா ஊர்ப் பலகாரம்; சுற்றுலாக் கூட்டம் வந்த பிறகு இங்கே முளைத்தது; ஐஸ்கிரீமை உள்ளே திணித்து விற்பது அதற்கும் அப்புறம் வந்த அக்கிரமம். அவர் சொற்பொழிவாற்றி முடிப்பதற்குள் என் மனைவியும் அவர் மகளும் ஆளுக்கொன்று வாங்கிச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். வாசனை பிரமாதம் என்பதை அறங்காவலருக்குக் கேட்காத குரலில் இங்கே பதிவு செய்கிறேன்.

கோட்டைக்கு அழைத்துப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "நீங்க உள்ள போய்ட்டு வாங்க. நான் எத்தனை தடவை பார்க்கறது" என்றார். காரணம் அதுவல்ல. டிக்கெட் விலை ஏறியிருந்தது; தவிர, உள்ளே போனால் ஆடியோ கருவியை மாட்டிவிடுவார்கள், அவருக்கு வேலை இருக்காது. அங்கே உள்ள புனித விட்டஸ் பேராலயத்தை 1344-ல் ஆரம்பித்து 1929-ல் முடித்திருக்கிறார்கள். போர், பிளேக், பணமுடை என்று நடுவில் நூற்றாண்டுக் கணக்கில் அரைகுறையாகவே கிடந்த கட்டடம். வெளியே வந்து இதைச் சொன்னபோது, "எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்டையும் அதே காண்ட்ராக்டர்கிட்டதான் விட்டிருக்கோம்" என்றார். ஒன்பது மாடி ஏறிய கால்களால் நான் அதை ஆமோதித்தேன்.

காஃப்கா விஷயத்தை இரண்டே வரியில் கடந்துவிடலாம். 1883-ல் அவர் பிறந்த வீட்டு வாசல், உலோகத் தகடுகள் 42 அடுக்காகச் சுழல்கிற அவருடைய பிரம்மாண்டமான தலை, கோட்டைச் சந்தில் அவர் உட்கார்ந்து எழுதிய சின்ன வீடு எல்லாம் நண்பருக்கு மனப்பாடம். வீட்டு அலமாரியில் இருந்த காஃப்கா புத்தகத்தை நான் எடுத்தபோது பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

இனி பீர்க்கடை. இது சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியாத, உள்ளூர்க்காரர்கள் மட்டும் வருகிற இடம் என்று அழைத்துப் போனார். நீளமான மர மேஜை. உட்கார்ந்ததும் பரிசாரகர் ஒரு துண்டுச் சீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போவார். கோப்பைக்குக் கோப்பை அதில் பேனாவால் ஒரு கோடு. கோப்பை காலியானால் கேட்காமலே அடுத்தது வரும். போதுமென்றால் அட்டையை எடுத்துக் கோப்பையின் வாயை மூடிவிட வேண்டும். அந்த அட்டைச் சூட்சுமத்தை நண்பர் எனக்கு விளக்கிய பாங்கில் ஓர் உபதேசத்தின் கம்பீரம் இருந்தது.

பரிசாரகர் வந்தார். நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்த செக் மொழியில், இரண்டு பீர், சைவத்துக்குப் பொரித்த சீஸ், குழந்தைக்கு எலுமிச்சை சோடா என்று முழு வாக்கியமாகச் சொன்னார். வேற்றுமை உருபெல்லாம் சரியாகத்தான் போட்டிருப்பார், அவர் அப்படிப்பட்டவர். பரிசாரகர் குறித்துக்கொண்டு, சுத்தமான ஆங்கிலத்தில், சீஸுக்கு உருளைக்கிழங்கு வறுத்ததா அவித்ததா என்று கேட்டார். நண்பர் செக்கில் பதில் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். நண்பர் செக்கில் அதற்கு மறுமொழி சொன்னார். இரண்டு பேரும் மற்றவருடைய மொழியை விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்ட அந்த மரியாதை யுத்தம் ஒரு நிமிஷம் நடந்திருக்கும்.

அப்போது அவருடைய மகள், அங்கேயே பிறந்து வளர்ந்த பத்து வயதுக்காரி, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏதோ சொன்னாள். பரிசாரகரின் முகம் மலர்ந்தது. கடகடவென்று செக்கில் பேசினார். அவள் பதில் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். 'என்ன சொன்னே?' என்று கேட்டதற்கு, "ஸ்ட்ரா வேண்டாம்னேன்" என்றாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க அந்த எழுத்தைத் தப்பா சொல்றீங்க" என்றாள். 'ர'வும் 'ழ'வும் 'ஜ'வும் ஒரே நேரத்தில் வாசலில் முட்டிக்கொண்டு வெளியே வருகிற ஓசை ஒன்று செக்கில் உண்டு. பிறவிச் செக் நாட்டவர்களே குழந்தையாக இருக்கும்போது தடுமாறுகிற ஓசை. துவோர்சாக் என்கிற சங்கீத மேதையின் பெயரில் நடுவாந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் 'ழ'கர உச்சரிப்புக்காகப் பரிசு வாங்கிய நண்பர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். மகள் திரும்பத் திரும்பத் தலையாட்டினாள். நான் அட்டையை எடுத்து என் கோப்பையை மூடினேன்.

எனக்கு அங்கேதான் கொஞ்சம் பிடிபட்டது. அலுவலகத்தில் அவர் இந்தியர். மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் காலை வணக்கத்தோடு சரி. பரிசாரகருக்கு அவர் ஆங்கிலத்தில் பேச வேண்டிய ஆள். அவரை ஊர்க்காரர் என்று ஏற்றுக்கொள்கிற ஜனங்கள் உலகத்திலேயே அவர் வீட்டு விருந்தாளிகள்தான். நாம் போய் இறங்கினால்தான் அவர் பிராக்வாசி. வருஷத்தில் மிச்ச நாளெல்லாம் பதவி காலியாகக் கிடக்கிறது.

கடைசி நாள் துருப்புச்சீட்டை இறக்கினார். 1348-ல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகம். "கமில் சுவெலபில் இங்கதான்டா தமிழ் சொல்லிக்கொடுத்தார்" என்றார். இந்தத் தடவை பின்னாலேயே 'பொய்' வரவில்லை. 1927-ல் இதே பிராகில் பிறந்தவர். 1968-ல் சோவியத் டாங்கிகள் நுழைந்த பிறகு நாட்டை விட்டுப் போனவர். முருகனின் புன்னகை என்று தலைப்புக் கொடுத்து ஆங்கிலத்தில் அவர் எழுதிய தமிழ் இலக்கிய நூல் 1973-ல் வந்தது. நம் பேராசிரியர்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த மனிதர் சென்னையில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து சங்கத்தமிழை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, "ரெண்டு இட்லி, சட்னி தனியா" என்று நல்ல தமிழில் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? சர்வர் ஆங்கிலத்தில் 'காபி, சார்?' என்று கேட்டிருப்பார். இதை நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கண்டிப்பா" என்றார். அவருக்கு அதில் ஏனோ பரம திருப்தி.

திரும்பும்போது டிராமில் ஏறினோம். நாங்கள் சீட்டில் முத்திரை குத்திக்கொண்டோம். நண்பருக்கு ஆண்டுச் சீட்டு. அது கைப்பேசிக்குள் இருக்கிறது. கைப்பேசியோ காலையிலிருந்து எங்களைப் படம் பிடித்துப் பிடித்து மத்தியானமே உயிரை விட்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. நெப்போலியனைப் பற்றியோ யாரைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார். முன் இருக்கையில் இருந்த கட்டைகுட்டையான மனிதர் எழுந்து, திரும்பி, வில்லையைக் காட்டினார். எங்கள் சீட்டுகளைப் பார்த்துத் தலையசைத்தார். நண்பரிடம் ஆங்கிலத்தில் சீட்டைக் கேட்டார்.

நண்பர் செக்கில் விளக்க ஆரம்பித்தார். பரிசோதகர் ஆங்கிலத்தில் குறுக்கிட்டு, சுற்றுலாப் பயணிகளுக்கென்று அச்சடித்த துண்டுப் பிரசுரத்தை எடுத்து நீட்டினார். அதுதான் தாங்கவில்லை. அறங்காவலர் எழுந்து நின்றுவிட்டார். தான் எத்தனை வருஷமாக வரி கட்டுகிறவன், ஆண்டுச் சீட்டு எப்போது எடுத்தது, மகள் எந்தப் பள்ளி என்றெல்லாம் அந்த விபரீத எழுத்து உள்பட எல்லா எழுத்தையும் போட்டுப் பொரிந்து தள்ளினார். பரிசோதகர் பொறுத்துப் பார்த்தார். மறுபடி ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினார். நண்பர் விடவில்லை. ஒரு கட்டத்தில் அந்த மனிதரின் முகம் சிவந்தது, ஆங்கிலம் தீர்ந்தது, கையை ஆட்டி ஆட்டிச் செக்கில் கத்த ஆரம்பித்தார். இரண்டு நிறுத்தம் வரைக்கும் கத்தினார். டிராமே திரும்பிப் பார்த்தது. கடைசியில் அபராதச் சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனார்.

நண்பர் அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தில் இந்தப் பயணம் முழுக்க நான் பார்க்காத ஒரு பிரகாசம்.

"கவனிச்சியாடா?" என்றார். "கடைசி வரைக்கும் செக்லதான் திட்டினான்."